எல்லையில் சோறு போட்டவர்கள்தான் நோயைப் பரப்பினார்களா?

09-03-2025, ஒரு வாசகர் கேட்டது

"கொரோனா ஊரடங்கு வந்து 5 வருஷம் ஆகப்போகிறது. அப்போது நான் குடியாத்தத்தில் இருந்தேன். காட்பாடி தாண்டி ஆந்திர எல்லையில் இருக்கும் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டில் கும்பல் சேர்ந்ததற்குக் காரணமே சாப்பாடு கொடுக்கப் போனவர்கள்தான். சோறு கிடைக்கிறது என்றால் ஆள் வரத்தானே செய்வான்? எல்லையை மூடினால் மூடியதுதான். அடுத்த முறை இப்படி ஒரு நோய் வந்தால் தன்னார்வலர்களை அந்தப் பக்கமே விடக்கூடாது. யாராவது மறுக்க முடியுமா?"

09-03-2025, இரவு

மறுக்கிறேன். அங்கே சோறு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பாருங்கள்.

2020 மார்ச் 22 நள்ளிரவோடு பயணிகள் ரயில் நின்றது. 24-ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். 12 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. நடுவில் 4 மணி நேரம். கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வந்தவன் அந்த 4 மணி நேரத்தில் எதில் ஏறி ஒடிசா போவான்? வேலை நின்றது. மேஸ்திரி போனை எடுக்கவில்லை. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். கையில் இருந்த காசு கொஞ்ச நாள் அரிசிக்கு வந்தது. அது தீர்ந்த பிறகுதான் நடந்தார்கள். கிறிஸ்டியான்பேட்டையில் லெமன் சாதம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எவனும் ஓசூரிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் நடக்கமாட்டான்.

கும்பல் சேர்ந்தது உண்மை. மேலே போக முடியாததால் சேர்ந்தது. சோறு இல்லாவிட்டாலும் அதே இடத்தில்தான் நின்றிருப்பார்கள், பட்டினியாக.

10-03-2025

நீங்கள் யார், எந்த அமைப்பு என்று கேட்டிருக்கிறார்கள். எந்த அமைப்பும் இல்லை. காட்பாடியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. கூடவே ஆன்லைன் விண்ணப்பம், டிக்கெட் பதிவு. ஊரடங்கில் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் லேப்டாப்பில் இ-பாஸ் (ஊரடங்கில் பயணம் செய்ய அனுமதிச் சீட்டு) போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் மெஸ் வைத்திருந்தார், அவருக்கும் வியாபாரம் இல்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு இந்தி தெரியும். எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் அக்கா. இவ்வளவுதான் "தன்னார்வலர்கள்".

இந்தி தெரிந்தவர் முதல் நாள் கஷ்டப்பட்டு ஒடிசாப் பையன்களிடம் இந்தியில் விசாரித்தார். அதில் ஒருவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, தமிழ்லயே கேளுங்க, திருப்பூர்ல ஆறு வருஷமா இருக்கேன்" என்றான். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான். அன்று முழுக்க அவன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

11-03-2025

எல்லை என்றால் என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது தெரியாமல் பேசினால் விவாதமே சுற்றிச் சுற்றி வரும்.

வேலூரிலிருந்து சித்தூர் 35 கிலோமீட்டர்தான். நடுவில் கிறிஸ்டியான்பேட்டை. இது தவிர பரதராமி, சைனகுண்டா, பொன்னைப் பக்கம், பேர்ணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பத்தலப்பல்லி என்று பல வழி. இந்த வழிகளில் வந்து சிக்கியவர்கள் ஒரே வகை ஆட்கள் இல்லை. நான் பார்த்த வரைக்கும் மூன்று வகை.

ஒன்று, வடக்கே நடந்தவர்கள். கொங்குப் பக்கம், ஓசூர், ஆம்பூர், ராணிப்பேட்டையில் வேலை செய்துவிட்டு, சித்தூர், திருப்பதி, நெல்லூர் வழியாக ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட் போய்விடலாம் என்று கிளம்பியவர்கள்.

இரண்டு, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகள். வங்காளம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள். காந்தி ரோட்டிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் லாட்ஜில் தங்கியிருப்பார்கள், தெரிந்ததுதானே. சிகிச்சை முடிந்துவிட்டது, ரயில் இல்லை. தினம் லாட்ஜ் வாடகை ஏறிக்கொண்டே போகும். இவர்கள் கூலித் தொழிலாளிகள் இல்லை, ஆனால் நிலம் விற்று வைத்தியத்துக்கு வந்தவர்கள் நிறைய. அடுத்த வேளைக்குக் கையேந்தும் நிலைக்கு வந்தபோது அவர்களுக்கு இருந்த கூச்சம் மற்றவர்களுக்கு இல்லை. லாட்ஜ் வாசலில் பொட்டலம் கொடுத்தால் வெளியே வரமாட்டார்கள். மாடிப்படியில் வைத்துவிட்டு வந்தால்தான் எடுப்பார்கள்.

மூன்றாவது வகையை யாருமே கணக்கில் எடுக்கவில்லை: தினம் எல்லை தாண்டிப் பிழைத்தவர்கள். சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு சீசனில் போகும் பெண்கள், பலமநேர் தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், அங்கிருந்து இங்கே ஆஸ்பத்திரி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வருகிறவர்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

11-03-2025, இரவு

எல்லையில் சுவர் கட்டியது உண்மையா என்று ஒரு சின்னப் பையன் (கல்லூரி மாணவர் என்று நினைக்கிறேன்) கேட்கிறார். உண்மை. 2020 ஏப்ரல் கடைசி வாரத்தில் குடியாத்தம்–பலமநேர் சாலையில் சைனகுண்டாவிலும், பொன்னை–சித்தூர் சாலையிலும் வேலூர் மாவட்ட நிர்வாகத்தார் ரோட்டின் குறுக்கே ஹாலோ பிளாக் வைத்துச் சுவர் எழுப்பினார்கள். செய்தி வெளியே வந்து எதிர்ப்புக் கிளம்பியதும் இடித்தார்கள்.

அந்தச் சுவரைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை என்பது ஒரு பக்கம். ரோட்டில் சுவர் வைத்தால் ஆள் மோர்தானா பக்கத்துக் காட்டு வழியில் போவான். அந்தக் காட்டில் யானை இருக்கிறது. கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து பேர்ணாம்பட்டு, குடியாத்தம் தோப்புகளுக்கு யானை இறங்குவது எங்களுக்குப் புதிதில்லை. ஒடிசாவிலிருந்து வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

நோய்த் தடுப்பு என்று பார்த்தாலும் சுவரால் நஷ்டம்தான். ரோட்டு வழியாக வருகிறவனை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கலாம், பேர் எழுதலாம். காட்டு வழியாகப் போனவனை யார் பார்த்தார்கள்?

12-03-2025

இரண்டு அரசுகளுக்கு நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு விஷயம். 2020 ஏப்ரல் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலம் விட்டு மாநிலம் பஸ்ஸில் போக அனுமதி கொடுத்தது. மே 1 முதல் சிக்கிய தொழிலாளர்களை ஊருக்குக் கொண்டுபோக ஷ்ரமிக் சிறப்பு ரயில். படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அனுப்பும் மாநிலம், வாங்கிக்கொள்ளும் மாநிலம் இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் ஆள் கிளம்ப முடியும். சில மாநிலங்கள் ஒத்துக்கொள்ளத் தாமதித்தன. வாங்கிக்கொள்ளும் மாநிலத்தின் சம்மதம் வேண்டாம் என்று ரயிலுக்கு விதி மாறியது மே 19 அன்று. இடைப்பட்ட நாட்களில் ஒருவன் எல்லைக்கு வந்து நின்றால் இந்தப் பக்கம், "உன் ஊர்க்காரன் கூப்பிடட்டும், அனுப்புகிறோம்" என்பார்கள். அந்தப் பக்கம், "நீ எங்கள் ஊர்க்காரனே இல்லை, வழியில் போகிறவன்" என்பார்கள். ஒடிசா போகிறவனுக்கு ஆந்திரா வெறும் வழி. அவனை ஏற்றுக்கொள்ள ஆந்திராவுக்கு எந்தக் கடமையும் எழுதப்படவில்லை.

சொந்த ஊர்க்காரனுக்கே அந்தக் கதிதான். ஊரடங்கின் முதல் வாரத்தில் ஹைதராபாத்திலிருந்து போலீஸ் கொடுத்த சீட்டோடு கிளம்பிய ஆந்திராக்காரர்களை தெலங்கானா–ஆந்திர எல்லையில் கரிகபாடு செக்போஸ்ட்டில் அவர்கள் மாநிலமே நிறுத்திவைத்தது.

12-03-2025, மாலை

கேள்வி கேட்ட வாசகர் திரும்ப எழுதியிருக்கிறார்: "சட்டம் எல்லாம் சரி. நோய் பரவியதா இல்லையா? அதைச் சொல்லுங்கள்."

சொல்கிறேன். கொரோனா உடம்பில் நுழைந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகலாம். அறிகுறியே இல்லாதவனிடமிருந்தும் பரவும். நெற்றியில் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அந்தக் கருவி அன்றைக்குக் காய்ச்சல் இருப்பவனை மட்டும் காட்டும். ஆகவே எல்லையில் காய்ச்சல் பார்த்து உள்ளே விடுவது, வெளியே நிறுத்துவது இரண்டுமே பாதிப் பாதுகாப்புதான். மீதிப் பாதி, நிறுத்தியவனை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

திறந்த வெளியில் ஆளுக்கு ஆள் தள்ளி உட்கார்ந்தால் ஆபத்து குறைவு. மூடிய கூடத்தில் நெருக்கியடித்துப் படுத்தால் ஆபத்து அதிகம். நாங்கள் சோறு கொடுத்தது புளிய மரத்தடியில். பெஞ்சில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்வோம், ஒவ்வொருவராக வந்து எடுப்பார்கள். பக்கத்தில் பக்கெட், சோப்பு. முகக்கவசம் இல்லாதவர்களுக்குத் துணியில் தைத்தது. தையல் வேலை இல்லாமல் இருந்த பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. வீட்டில் அம்மா சர்க்கரை நோயாளி. திரும்பி வந்தால் பின் வாசலில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அம்மா தூரத்தில் இருந்தே, "இன்னைக்குக் கொழந்தைங்க இருந்துச்சா, பால் குடுத்தீங்களாடா" என்று கேட்பாள்.

ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். எந்த மண்டபம், யார் பொறுப்பு என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நூறு பேருக்கு மேல் இருக்கும், கழிப்பறை மூன்றோ நாலோ. கும்பல் கும்பல் என்கிறீர்களே, கும்பல் அங்கே இருந்தது.

13-03-2025

மண்டபம் பற்றி எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். ஆட்களைத் தங்க வைத்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. ரோட்டில் விடுவதைவிட ஒரு கூரைக்குக் கீழே வைப்பது நல்லதுதான். பள்ளிக்கூடங்கள் காலியாகக் கிடந்தன. வகுப்பறை என்றால் இரண்டு பக்கமும் ஜன்னல், ஒரு அறைக்கு ஒரு குடும்பம் அல்லது நாலைந்து பேர், வெளியே குழாய், விளையாட்டு மைதானம். அடுத்த முறை முதலில் பள்ளியைத் திறக்க வேண்டும், மண்டபத்தைக் கடைசியாக.

14-03-2025

ஆம்பூரிலிருந்து ஒருவர் கேட்டது: என்ன கொடுத்தீர்கள், எது உதவியது, எது வீணானது?

இதைக் கேட்டது சந்தோஷம். எழுத நிறைய இருக்கிறது.

வேலூர் வெயில் தெரியும். ஏப்ரலிலேயே 40 டிகிரி. காலை 9 மணிக்குக் கட்டிய தக்காளி சாதம் மதியம் 2 மணிக்கு நூல் விடும். நடக்கிறவன் உடனே சாப்பிடமாட்டான், அடுத்த வேளைக்கு வேண்டும் என்று பைக்குள் வைப்பான். அதைச் சாப்பிட்டு வழியில் வயிற்றுப்போக்கு வந்தால்? நர்ஸ் அக்கா இதை முதலிலேயே பிடித்துவிட்டாள். கலந்த சாதம் அங்கேயே சாப்பிட மட்டும். கையில் கொடுத்தனுப்ப வேறு வேண்டும்.

வேறு என்ன என்று பீகார்க்காரர்களே சொல்லித் தந்தார்கள். அவர்கள் ஊரில் "சத்து" என்று ஒன்று உண்டு, வறுத்த கடலை மாவு. நம் பொட்டுக்கடலையை அரைத்தால் ஏறத்தாழ அதுதான். உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தண்ணீர் விட்டுப் பிசைந்து சாப்பிடுகிறார்கள், கரைத்தும் குடிக்கிறார்கள். அடுப்பு வேண்டாம், கெடாது, பசி தாங்கும். மெஸ்காரர் மாவு மில்லில் பேசி அரைத்துக் கொடுத்தார். வங்காளிகளுக்குப் பொரி. நம் ஆயுத பூஜைப் பொரிக்கு அவர்கள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. பாக்கெட் கிடைக்காத நாட்களில் இதைத்தான் பாட்டிலில் கலந்து வைத்தோம். உப்பு கூடிவிடக்கூடாது, அதை மட்டும் ஒருவர் பொறுப்பாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம் செருப்பு. சோற்றுக்கு அடுத்தபடி அவர்கள் கேட்டது செருப்புதான். தார் ரோட்டில் ரப்பர் செருப்பின் வார் அறுந்து, சணலால் கட்டி நடந்து வந்தார்கள். காலில் கொப்புளம். உடைக்காமல் கழுவி, சுத்தத் துணி சுற்ற வேண்டும். உடைந்ததை மட்டும் மருந்து போட்டு மூட வேண்டும். செருப்புக் கடைக்காரர் ஒருவர் பின் வாசல் வழியாக மூட்டையே கொடுத்தார், காசு வாங்கவில்லை. சரி, செருப்புக் கொடுத்தால் இன்னும் நடப்பானே, அதுதான் நாம் விரும்புவதா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. நிறுத்தித் தங்க வைக்க இடம் இருந்தால் அந்தக் கேள்வி சரி. இடம் இல்லாதபோது வெறுங்காலோடு போ என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

வீணானது: பழைய துணி மூட்டைகள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் நடக்கிறவனுக்குச் சுமை.

14-03-2025, இரவு

பெண்களைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டீர்களே என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்பார்கள். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. நர்ஸ் அக்கா தனியாகக் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு வந்து சொன்னாள்: ஒதுங்க இடம் இல்லை, அதனால் குடிப்பதில்லை. 40 டிகிரி வெயிலில், ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பம். அன்றைக்கே பக்கத்துத் தோப்புக்காரரிடம் கேட்டு அவர் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் தென்னை ஓலைத் தட்டி கட்டினோம். அதன் பிறகு குடித்தார்கள். நாப்கின் கொடுப்பதை ஆண்கள் யாரும் செய்யவில்லை, பெண்கள்தான் பெண்களுக்குக் கொடுத்தார்கள். எந்த எல்லையில் யார் உதவிக்குப் போனாலும், சோற்றுக்கு முன் கழிப்பறை எங்கே என்று பார்க்கச் சொல்வேன்.

16-03-2025

எனக்குத் தெரிந்த வேலைக்கு வருகிறேன். காகிதம்.

சோறு ஒரு வேளைக்கு. ஊர் போய்ச் சேர வேண்டுமானால் பட்டியலில் பேர் வேண்டும். அந்தப் பேர் ஏறுவதற்குள் படும் பாடு இருக்கிறதே! ஒவ்வொரு மாநிலமும் ஒரு இணையதளம் வைத்தது. சில பக்கங்கள் இந்தியில், சில ஆங்கிலத்தில். மொபைலில் ஓ.டி.பி. வர வேண்டும். நடந்து வந்தவனுடைய போனில் சார்ஜ் இல்லை, சார்ஜ் இருந்தால் ரீசார்ஜ் இல்லை. ஆகவே எங்கள் மேசையில் முதலில் இருந்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடுத்தது ரீசார்ஜ். சின்ன ரீசார்ஜ் போட்டுக் கொடுத்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் பேசுவார்கள். அழுவார்கள். அது முடியும்வரை படிவத்தைத் தொடமாட்டேன்.

ஆதாரில் ஒரு எழுத்து, படிவத்தில் ஒரு எழுத்து என்றால் நிராகரித்துவிடும். கிராமத்துக்கு எந்த பிளாக் (ஒன்றியம்), எந்த காவல் நிலையம் என்று கேட்கும். நமக்கு ஜார்க்கண்ட் மாவட்டமே தெரியாது. கும்பலில் ஓரளவு படித்த ஒருவனைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் வேலை ஓடும். ஒருவன் போட்ட பிறகு அவனே பத்துப் பேருக்குப் போடுவான்.

கூடவே கையால் ஒரு நோட்டு: பேர், ஊர், போன், கூட வந்தவர், மேஸ்திரி பேர், சம்பள பாக்கி. இணையதளம் படுத்தாலும் நோட்டு இருக்கும். வருவாய்த் துறை ஆட்கள் வந்து, "யாரிடமாவது பட்டியல் இருக்கிறதா" என்று கேட்டபோது அந்த நோட்டைத்தான் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். மே முதல் வாரத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் போனது. சி.எம்.சி. நோயாளிகளும் கூட வந்தவர்களும் அதில் நிறையப் பேர். பிறகு வங்காளத்துக்கும் பீகாருக்கும். பிளாட்பாரத்துக்குள் எங்களை விடவில்லை, விடாததும் சரிதான்.

தரகர்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் லாரியில் தார்ப்பாய்க்குக் கீழே ஏற்றிக்கொண்டு போக ஆள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். எல்லை எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு அந்த விலை ஏறும். இ-பாஸ் கிடைத்துவிட்டால் அந்த வியாபாரம் படுத்துவிடும்.

17-03-2025

"அரசாங்கத்திடம் கணக்கு இருந்திருக்குமே, நீங்கள் எதற்கு நோட்டு?"

இருந்திருக்க வேண்டும். 1979-லேயே மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கு ஒரு மத்தியச் சட்டம் வந்தது. 5 பேர் அல்லது அதற்கு மேல் கூட்டி வந்தால் காண்ட்ராக்டர் உரிமம் எடுக்க வேண்டும், ஆளுக்கொரு பாஸ்புக் கொடுக்க வேண்டும், போய்வரும் செலவு தர வேண்டும். அந்தச் சட்டம் ஒழுங்காக ஓடியிருந்தால் 2020 மார்ச்சில் ஒவ்வொரு கலெக்டர் மேசையிலும் பட்டியல் இருந்திருக்கும். நான் மேசை போட்ட நாட்களில் ஒருவன் கையிலும் அந்த பாஸ்புக்கைப் பார்க்கவில்லை. 2020 செப்டம்பரில் அந்தச் சட்டத்தைப் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புக்குள் சேர்த்தபோது 5 என்பது 10 ஆனது. அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தால் சின்ன மேஸ்திரிகள் எல்லாரும் கணக்குக்கு வெளியே போவார்கள். (பின்னால் சேர்த்தது: 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்துவிட்டது.)

2020 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில், இப்போது ரோட்டில் யாரும் நடக்கவில்லை என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். நாங்கள் ஏப்ரல் முழுக்கப் பொட்டலம் கட்டினோம். மே 8 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறியது. மே 28 அன்றுதான் தொழிலாளர்களிடம் பஸ், ரயில் கட்டணம் வாங்கக்கூடாது, வழியில் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதம் ஆன பிறகு. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் வழியில் இறந்தார்கள் என்று கேட்டதற்குக் கணக்கு இல்லை என்று பதில் வந்தது. ஷ்ரமிக் ரயில்களில் மட்டும் 97 பேர் என்று ரயில்வே சொன்னது.

18-03-2025

"வடக்கத்திக்காரனுக்கு இவ்வளவு உருகுகிறீர்களே, நம் ஆட்களுக்கு யார் செய்தார்கள்?" இதை எழுதியவருக்கு மட்டும்.

ஊரடங்கின் முதல் வாரத்தில் மகாராஷ்டிரத்தில் வர்தாவிலிருந்து நாமக்கல்லுக்கு நடந்து வந்த 22 வயதுப் பையன், செகந்திராபாதில் ஒரு தங்குமிடத்தில் இறந்தான். நம் பையன். அவனுக்கு அங்கே கூரையும் சோறும் கொடுத்தது தெலுங்கு பேசுகிறவர்கள். ஜவ்வாது மலையிலிருந்து கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போனவர்கள் அங்கங்கே சிக்கியபோது அந்த ஊர்க்காரர்கள்தான் அரிசி கொடுத்தார்கள். நமக்கு அங்கே செய்ததைத்தான் நாம் இங்கே செய்தோம். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதமாட்டேன்.

18-03-2025, சற்றுப் பின்

மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க ஒரு பழைய செய்தி. 1911-க்கு முன் சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள் இருந்தது, மாவட்டத் தலைநகரமே அதுதான். திருத்தணி 1960-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டிலேயே பாட்டி வழி உறவு பாதிப் பேர் அந்தப் பக்கம். 2020-ல் பரதராமியில் ஒரு கருமாதிக்குச் சித்தூர்ப் பக்கத்து மகள் வர முடியாமல் வீடியோ காலில் பார்த்தாள். இந்த எல்லைக்கோடு பற்றி இவ்வளவு இறுக்கமாகப் பேசுகிறவர்கள், பக்கத்து வீட்டில் சம்பந்தம் எந்த ஊர் என்று ஒரு தரம் கேட்டுப் பார்க்கட்டும்.

20-03-2025

முதலில் கேள்வி கேட்ட வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் அப்பா அந்த மே மாதத்தில் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார். யார் மூலம் வந்தது என்று தெரியாமலே போனதால் எல்லார் மேலும் சந்தேகம் என்கிறார்.

ஐயா, இது தெரியாது எனக்கு. உங்கள் இழப்புக்கு என் வாதம் எதுவும் ஈடு இல்லை. அப்பாவை வழியனுப்பக்கூட விடாத காலம் அது. நான் எழுதியதில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் உங்கள் கேள்வியை இனிமேல் வேறு மாதிரிதான் படிப்பேன்.

அவர் சொன்ன இன்னொன்றை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். போட்டோ எடுக்க வந்தவர்கள். காரில் பத்துப் பேராக இறங்கி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒரு பொட்டலத்தை நாலு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்தவர்களை நானும் பார்த்தேன். வாங்குகிறவன் தலை குனிந்து நிற்பான். அவர்களை எல்லைப் பக்கம் விடக்கூடாது என்றால் நானும் கை தூக்குகிறேன். உதவிக்கு வருகிறவர்கள் பேர் கொடுத்து, நேரம் வாங்கி, நாலு பேருக்கு மேல் இல்லாமல், படம் எடுக்காமல் வரட்டும். அந்த விதியை எழுதி வைப்பதில் நீங்களும் நானும் சேரலாம்.

23-03-2025

அடுத்த முறைக்கு என்ன செய்து வைக்கலாம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பெரிய திட்டம் என்னிடம் இல்லை. இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செய்துகொண்டும் இருக்கிறேன்.

ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. 2021 ஜூன் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலமும் ஜூலை 31-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தங்கள் ஊரில் அட்டை வைத்திருப்பவர்கள் இங்கே கைரேகை வைத்து அவர்கள் பங்குத் தானியத்தை வாங்கலாம். எங்கள் தெரு முனையில் கட்டடம் எழும்புகிறது, ஜார்க்கண்ட் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். கேட்டால் அட்டை ஊரில் அம்மாவிடம் இருக்கிறது என்கிறார்கள். எண் போதும் என்பது தெரியவில்லை. ஆதார் இணைப்பு இருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். முதல் தடவை ஒரு கடையில், "வெளியூர்க்காரனுக்குச் சரக்கு ஒதுக்கவில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை கூடவே போனேன், கொடுத்தார்கள். ஊரில் இருக்கும் குடும்பத்தின் பங்கு குறைந்துவிடாமல் தங்கள் பங்கை மட்டும் பிரித்து வாங்கலாம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் வாங்குவதில்லை. இ-ஷ்ரம் பதிவும் (அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் பதிவு) அதே மேசையில் போட்டுவிடலாம், 2021 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது, கட்டணம் கிடையாது. காசு கேட்கும் கடைக்குப் போகாதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், ஷூ கம்பெனி பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் தெருவில் இதே மாதிரி செய்ய முடியுமா? ஒரு லேப்டாப், ஒரு நோட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம். இந்தி, வங்காளி, ஒடியா பேசத் தெரிந்தவர்கள் இருந்தால் ஊரையும் எந்த மொழி என்பதையும் இங்கே எழுதுங்கள். குடியாத்தம் வாசகர் பரதராமிப் பக்கம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பேர்ணாம்பட்டுக்கு இன்னும் ஆள் இல்லை.

24-03-2025

பேர்ணாம்பட்டுக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நன்றி. நோட்டில் என்னென்ன பத்தி போடுவது என்று கேட்டார்கள்: பேர் (ஆதாரில் உள்ளபடி), அப்பா பேர், கிராமம், பிளாக், மாவட்டம், மாநிலம், போன், வீட்டு போன், ரேஷன் அட்டை எண், வேலை செய்யும் இடம், மேஸ்திரி பேர், தொடர்ந்து சாப்பிடும் மருந்து. கடைசிப் பத்தியை விடாதீர்கள். காசநோய் மாத்திரை பாதியில் நின்றுபோன இரண்டு பேரை நாங்கள் எல்லையில் பார்த்தோம், அவர்களுக்கு அதை எங்கே வாங்குவது என்று சொல்ல ஆள் இல்லை.